சிரித்து வாழ்ந்த அம்மாச்சியை அழுதுதான் நினைக்க வேண்டுமா?

கடிதத்தின் சுருக்கம்

தேனி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அம்மாச்சியிடம் வளர்ந்த இந்த வாசகருக்கு இப்போது 34 வயது; கோவையில் ஆசிரியையாக இருக்கிறார். பெற்றோர் இருவரும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதால், பத்தாம் வகுப்பு முடியும்வரை அவருக்கு எல்லாமாக இருந்தவர் அம்மாவைப் பெற்ற அம்மாச்சிதான். அந்த அம்மாச்சி கடந்த கார்த்திகையில் 84 வயதில் காலமானார். அதற்கு முன் பக்கவாதம் வந்து ஓராண்டுக்கும் மேலாகப் படுத்த படுக்கையாக இருந்தார். வாசகரின் அம்மா வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, தனியாளாக அவரைப் பார்த்துக்கொண்டார். வாசகரால் மாதம் ஒருமுறைதான் வந்துபோக முடிந்தது.

அம்மாச்சி ஊரறிந்த கலகலப்புக்காரர். தாயம் ஆடும்போது உரைத்த புளியங்கொட்டைகளை உருட்டிவிட்டு, யாரும் எண்ணிப் பார்ப்பதற்குள் முந்தானையால் மூடி, "தாயம்!" என்று கூவிக் காயை இறக்கிவிடுவாராம். பேரப்பிள்ளைகளைத் தாத்தாவுக்குத் தெரியாமல் சினிமாவுக்குக் கூட்டிப்போய்விட்டு, திரும்பும் வழியில் சுருக்குப் பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து ஒவ்வொரு நெற்றியிலும் பூசி, கோயிலுக்குப் போய் வந்ததாகச் சொல்லச் சொல்வாராம். நடவு வயலில் நக்கல் பாட்டுக் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

இறந்த அன்று ஐஸ் பெட்டியின் அருகே உட்கார்ந்திருந்தபோது, சித்தி மகன் இந்த விபூதிக் கதையைச் சொல்ல, வாசகர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். பெரிய மாமா எல்லோர் முன்னிலையிலும், "சிரிக்கிற நேரமா இது? வளத்து ஆளாக்குனதுக்கு இதுதேன் மரியாதையா?" என்று கடிந்துகொண்டார். அன்றிலிருந்து அவரால் அழவும் முடியவில்லை. அம்மாச்சியைச் சிரித்தபடி நினைக்கவும் முடியவில்லை. கண்ணை மூடினால் கட்டிலில் கிடந்த உருவம்தான் வருகிறது. அம்மாவோ அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. ஏழு வயதுப் பேத்தி அம்மாச்சியைப் போலப் பேசிக் காட்டினால் எழுந்து வெளியே போய்விடுகிறார். "84 வயசு, நல்ல சாவுதானே, விட்டுவிடு" என்கிறார் கணவர்.

வரும் கார்த்திகையில் தலைத் திவசம். அன்று மாலை உறவுகளைக் கூட்டி, தாயம் ஆடி, அம்மாச்சி பாடிய பாட்டுகளைக் கேட்டு, கதைகள் சொல்லிச் சிரித்து அவரைக் கொண்டாட வேண்டும் என்பது வாசகரின் ஆசை. குடும்ப மானம் போய்விடும் என்கிறார் பெரிய மாமா. கைப்பேசியில் இருக்கும் குரல் பதிவுகளை யூடியூபில் போடலாமா, "என் தண்டட்டி உனக்குத்தான்" என்று தன் காது நகையைப் பற்றி அம்மாச்சி சொல்லியிருந்தது செல்லுமா என்றும் கேட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக அவரை உறுத்தும் கேள்வி: "நான் சிரித்தது தவறா? எனக்கு ஏதாவது மனக் கோளாறா?"

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சிரித்தது தவறல்ல, கோளாறும் அல்ல. உங்களை வளர்த்தவரின் குறும்பு ஒன்று, அவர் உடல் அருகில் இருக்கும்போதே உங்கள் நினைவில் உயிரோடு எழுந்தது. அதற்கு உங்கள் உடல் இயல்பாகப் பதில் சொன்னது. துக்க வீட்டில் பல ஆண்டுகளாகக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசிவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இறந்தவரை மிகவும் நேசித்தவர்களிடம்தான் இந்தச் சிரிப்பை அதிகம் பார்த்திருக்கிறேன்.

இது என் அனுபவம் மட்டுமல்ல. டாக்கர் கெல்ட்னர், ஜார்ஜ் போனான்னோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கணவனையோ மனைவியையோ இழந்து ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆனவர்களை, இழந்தவரைப் பற்றிப் பேசச் சொல்லி அவர்களுடைய முகபாவங்களைக் கவனித்தார்கள். பேச்சினிடையே கண்களும் சுருங்க உண்மையாகச் சிரித்தவர்கள், சிரிக்காதவர்களைக் காட்டிலும் குறைந்த மன வேதனையையே தெரிவித்தார்கள். மற்றவர்களோடு அவர்களுக்கு இருந்த உறவும் மேம்பட்டிருந்தது. துக்கத்தை மறைப்பதற்கான போலிப் புன்னகையை இந்தச் சிரிப்போடு சேர்த்துவிடக் கூடாது.

நம் ஊர் வழக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். பேரன் பேத்தி எடுத்து, கொள்ளுப் பேத்தியையும் மடியில் வைத்துக் கொஞ்சியவரின் இறப்பைக் கல்யாணச் சாவு என்று சொல்லி, பறையும் ஆட்டமும் வைத்து, பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்து வழியனுப்பும் மரபு உங்கள் பக்கத்திலும் இருக்கிறது. ஒப்பாரியிலும் அழுகை மட்டும் இருப்பதில்லை. இறந்தவரின் நடை, உடை, வாய்ச்சாலகம் எல்லாம் அதில் வரும். உங்கள் அம்மாச்சியே எத்தனையோ துக்க வீடுகளில் முன்வரிசையில் உட்கார்ந்து பாடியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அதற்காக உங்கள் பெரிய மாமாவைக் கல்நெஞ்சராக எண்ணிவிடாதீர்கள். அன்று அவர் தாயை இழந்த மகன். சற்று நேரத்தில் கொள்ளி வைக்க வேண்டியவர். ஊராருக்கும் சம்பந்திகளுக்கும் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றவர். அந்தச் சிரிப்பு தன் தாயை நோக்கியது என்று அவர் காதில் விழுந்திருக்கலாம். அவர் கடிந்துகொண்டது உங்களைக் காயப்படுத்தியது உண்மை. ஆனால் அதை உங்கள் அன்பைப் பற்றிய தீர்ப்பாக ஏற்றுக்கொண்டு ஒன்பது மாதங்களாகச் சுமக்க வேண்டிய தேவை இல்லை.

ஐந்து கட்டங்களும் "விட்டுவிடு" என்ற அறிவுரையும்

துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு என்று படித்ததாகவும், நீங்கள் மறுப்பு என்ற முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டதாக அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் அந்த ஐந்து கட்டங்களை விவரித்தது, மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதன் அடிப்படையில். அது பின்னாளில்தான் உறவை இழந்தவர்களுக்கும் பொருத்திப் பேசப்பட்டது. வரிசையாக ஏறிக் கடக்க வேண்டிய படிகள் என்று அவற்றை எண்ண வேண்டாம். 1999-இல் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் ஆகிய ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் உங்கள் நிலைக்கு நெருக்கமாக இருக்கிறது. துக்கத்தில் இருப்பவர் இழப்பை நோக்கியும் அன்றாட வாழ்க்கையை நோக்கியும் மாறி மாறிப் போய்வருகிறார். காலையில் வகுப்பெடுத்துவிட்டு மாலையில் விம்முவதும், அழுத கண்ணோடு சிரிப்பதும் அந்தப் போக்குவரத்தின் இயல்பான பகுதிகள் என்கிறார்கள் அவர்கள்.

உங்கள் கணவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். இருந்தாலும் வயதைச் சொல்லித் துக்கத்தை அளக்க முடியாது. பாட்டி தாத்தாவின் இழப்பை மற்றவர்கள் எளிதில் குறைத்து மதிப்பிட்டுவிடுகிறார்கள். உங்களுக்கோ அவர் பதினைந்து ஆண்டுகள் தாயாக இருந்தவர். இறந்தவரோடு உள்ள பந்தத்தை அறுத்துக்கொண்டால்தான் மனம் தேறும் என்ற பழைய கருத்தைத் துக்கத்தை ஆராய்கிறவர்கள் இன்று பெரும்பாலும் வலியுறுத்துவதில்லை. பந்தம் உருமாறித் தொடரலாம் என்பதையே டென்னிஸ் கிளாஸ் முதலியோர் 1996 முதல் எடுத்துக்காட்டிவருகிறார்கள். ஆண்டுதோறும் படையல் போட்டு முன்னோரை வீட்டுக்கு அழைக்கும் நமக்கு இது புதிய செய்தியும் அல்ல.

கட்டிலில் கிடந்த உருவமே கண்முன் வருவதற்கும் காரணம் உண்டு. இறுதியாகப் பார்த்த காட்சிக்கும், மனத்தை மிகவும் உலுக்கிய காட்சிக்கும் நினைவு கூடுதல் இடம் கொடுக்கும். உங்களுக்கு அவை இரண்டும் ஒன்றாக அமைந்துவிட்டன. அதோடு, உடனிருக்க முடியவில்லையே என்ற குற்றவுணர்வும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைத் துரத்த முயன்றால் இன்னும் அழுத்தமாக வரும். வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டு, பழைய நினைவுகளுக்கு வேறு வாசல்களைத் திறந்துவையுங்கள். புளியங்கொட்டையைக் கல்லில் உரைக்கும் ஓசை, சுருக்குப் பையைத் திறந்தால் எழும் வெற்றிலைக் காம்பு வாசம் போன்றவை, புகைப்படத்தைவிட விரைவாக உங்களைப் பழைய அம்மாச்சியிடம் கொண்டுசேர்க்கும்.

உங்கள் அம்மாவைப் பற்றி

நீங்கள் மாமாவின் எதிர்ப்பையே பெரிய தடையாகக் கருதி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீண்ட கடிதத்தில் உங்கள் அம்மாவுக்குக் கிடைத்தது நான்கைந்து வரிகள்தான். அந்த வரிகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நீங்கள் பிறந்தபோது அம்மாச்சிக்கு வயது ஐம்பது. பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து முடித்து, வயல் வேலையும் சற்றுக் குறைந்து, பேரப்பிள்ளைகளோடு தாயம் ஆடுவதற்கு நேரம் கிடைத்த பருவம் அது. உங்கள் அம்மா வளர்ந்தபோது இருந்தவர் முப்பது வயதுக்காரி. விடிவதற்குள் நடவுக்கோ களை எடுக்கவோ போய், பொழுது சாய்ந்து திரும்பி, நான்கு பிள்ளைகளுக்கு உலை வைத்தவர். அந்தப் பெண் தன் மகளைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனாரா, அடிவெளுத்தாரா என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது, ஆனால் உங்களுக்குக் கிடைத்த அம்மாச்சியும் உங்கள் அம்மாவுக்குக் கிடைத்த தாயும் ஒரே முகம் காட்டியிருக்க வாய்ப்பு குறைவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சற்று வலிக்கும். நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு வேடிக்கைக் கதையிலும் உங்கள் அம்மா இல்லை. விபூதி பூசிக்கொண்டு நீங்கள் வீடு திரும்பிய அந்த மாலைகளில் அவர் திருப்பூரில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் சிரிப்பு அவருக்குத் தன் தாயின் இழப்பை மட்டுமன்றி, தன் மகளின் குழந்தைப் பருவம் தன் கண்ணில் படாமலே கழிந்துபோனதையும் நினைவூட்டக்கூடும்.

அதற்கும் மேலாக அந்தக் கடைசி ஓராண்டு இருக்கிறது. பக்கவாதத்தில் படுத்தவரைப் படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதும், புரையேறாமல் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டுவதும், இரவில் துணி மாற்றுவதும் எப்படிப்பட்ட வேலை என்பது செய்தவருக்குத்தான் தெரியும். அப்படிப் பார்த்துக்கொண்டவர்கள் பலருக்கு, இறப்பு நேர்ந்ததும் ஒரு நிம்மதியும், நிம்மதி வந்ததே என்ற வெட்கமும் சேர்ந்து வரும். அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எல்லோரும் கூடி, "எவ்வளவு ஜாலியான கிழவி!" என்று சிரிக்கும்போது, தான் மட்டுமே அறிந்த அந்த ஓராண்டு இல்லாமலே போய்விட்டதாக அவருக்குத் தோன்றலாம். இவற்றை நான் ஊகமாகத்தான் சொல்கிறேன். உறுதிசெய்ய வேண்டியவர் உங்கள் அம்மா.

ஆகவே திவசத்துக்கு முன், ஒரு வாரம் விடுப்பு எடுக்க முடிந்தால் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போங்கள். "ஏம்மா பேச மாட்டேங்குற?" என்று கேட்காதீர்கள். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போதோ, பூ கட்டிக்கொண்டிருக்கும்போதோ பக்கத்தில் உட்கார்ந்து, பதில் சொல்ல எளிதான சிறு கேள்வியாகக் கேளுங்கள்: "சின்ன வயசுல அம்மாச்சிகிட்ட எதுக்கும்மா அடி வாங்குன?" "நீ பெரிய மனுஷியானப்ப அம்மாச்சி என்ன செஞ்சாங்க?" அடுத்து, அந்த ஓராண்டுக்கு நன்றி சொல்லுங்கள். பொதுவாகச் சொல்லாமல், நீங்கள் வந்துபோன நாட்களில் கண்ணால் பார்த்த ஒரு செயலைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அவர் தாயைக் குறைசொன்னால் அம்மாச்சிக்காக வாதாடாதீர்கள். அழுதால் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

தலைத் திவசம்

உங்கள் முன் இருக்கும் வழிகளில், மாமாவை மீறி ஊரறிய விழாவாக நடத்துவது நடக்கக்கூடியதுதான்; ஆனால் அன்றைய நாளின் நினைவு அம்மாச்சியாக இல்லாமல் சண்டையாக நின்றுவிடும். ஆசையை அடியோடு விட்டுக்கொடுத்தாலோ, ஏற்கெனவே அடைத்துக்கொண்டிருக்கும் மனம் இன்னும் அடைத்துக்கொள்ளும். காலைச் சடங்கு மூத்த மகனின் பொறுப்பு. அதை அவர் விருப்பப்படி முழு மரியாதையோடு நடத்த விடுங்கள். ஊர்க்காரர்கள் சாப்பிட்டுப் போனபின், மைக் செட் இல்லாமல், வீட்டு ஆட்கள் மட்டும் திண்ணையிலோ முற்றத்திலோ உட்காருவதற்கு இடம் கேளுங்கள். அனுமதி கேட்கும்போதே, "மாமா, நீங்கதான் முதல்ல ஒரு கதை சொல்லணும்" என்று கேட்டுவிடுங்கள். அவருக்கும் அந்தத் தாயிடம் ஒரு கதை இருக்கும். அதை இதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

கதைகளில் வேடிக்கையை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். கடனுக்கு அஞ்சி ஒடுங்காமல் நின்றது, பேரப்பிள்ளையை வளர்க்க ஐம்பது வயதில் மறுபடி தொடங்கியது எல்லாம் அவர் வாழ்க்கைதான். அந்தக் கஷ்டங்களைத் தெரிந்துகொண்டவருக்கு அவருடைய சிரிப்பின் அருமை இன்னும் கூடுதலாகத் தெரியும். யாரேனும் ஒருவர் சொல்கிறபடியே எழுதிவைக்கட்டும். ஒரே சம்பவத்தை இருவர் இரு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதட்டும். பாட்டுகளின் வரிகளையும், பழைய படங்களில் இருப்பவர்களின் பெயர்களையும் பெரியவர்கள் இருக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். தாயம் ஆடுவது உங்கள் அம்மாவுக்குச் சம்மதமானால் ஆடுங்கள். அன்று வேண்டாம் என்றால், பொங்கலுக்கோ ஆடிப்பெருக்குக்கோ உங்கள் வீட்டில் ஆடுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

குரல் பதிவுகளும் தண்டட்டியும்

குரல் பதிவுகளை முதலில் பத்திரப்படுத்துங்கள். கைப்பேசி தொலைந்தாலோ மாற்றினாலோ வாட்ஸ்அப்பில் வந்தவை அழிந்துபோகக்கூடும். கணினியிலும், உறவினர் ஒருவரிடமும் பிரதி இருக்கட்டும். தனியாகக் கேட்க முடியவில்லை என்றால் சித்தி மகனோடு உட்கார்ந்து சின்னப் பதிவாக ஒன்றைக் கேளுங்கள், முடியாதபோது நிறுத்திவிடுங்கள். யூடியூபில் போடுவதை மட்டும் இப்போது வேண்டாம் என்பேன். அந்த நக்கல் பாட்டுகளில் இன்றும் ஊரில் இருப்பவர்களின் பட்டப்பெயர்களும் வீட்டு விவகாரங்களும் வருவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வயலில் தெரிந்தவர்களுக்குள் பாடியதை உலகமே கேட்பது வேறு. அது அவர்களைப் புண்படுத்தலாம், சட்டச் சிக்கலையும் இழுத்துவரலாம். இந்த ஓரிடத்தில் உங்கள் மாமாவின் அச்சம் நியாயமானது. குடும்பத்துக்குள் பகிர்வதற்கு அந்தச் சிக்கல் இல்லை.

தண்டட்டியைப் பொறுத்தவரை ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாயால் சொன்னது உயிலாகாது. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுத்தில் இருக்க வேண்டும். எழுதியவரின் கையெழுத்தோ கைரேகையோ அதில் இருக்க வேண்டும்; அதோடு இரண்டு சாட்சிகளின் சான்றொப்பமும் இருந்தால்தான் அது செல்லும். உயில் இல்லாதபோது, 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, கணவர் முன்பே காலமாகிவிட்ட நிலையில், அம்மாச்சியின் சொத்து மகன்களுக்கும் மகள்களுக்கும் சமமாகச் சேரும். தாய் உயிரோடு இருக்கும்போது பேத்திக்கு நேரடிப் பங்கில்லை. அம்மாச்சி உயிரோடு இருக்கும்போதே கையில் எடுத்துக் கொடுத்திருந்தால் நிலைமை வேறு. எனவே உரிமையாகக் கோராமல், அம்மாச்சியின் ஆசையாக உங்கள் அம்மா மூலம் தெரிவியுங்கள். திவச நாளன்று அந்தப் பேச்சே வேண்டாம்.

குழந்தையும், உதவி தேட வேண்டிய நேரமும்

உங்கள் மகள் கொள்ளுப்பாட்டியைப் போலப் பேசிக் காட்டுவது அவமரியாதை அல்ல; ஏழு வயதில் நினைவை வைத்துக்கொள்ளும் வழி அது. அதட்டி நிறுத்தாமல், "ஆயா முன்னாடி மட்டும் இப்ப வேணாம், அவுங்களுக்கு அழுகை வருது" என்று காரணத்தைச் சொல்லுங்கள். தூங்குகிறார், ஊருக்குப் போயிருக்கிறார் என்றெல்லாம் சொல்லாமல், இறந்துவிட்டார், இனி வர மாட்டார் என்று தெளிவாகச் சொல்வதே குழந்தைக்கு நல்லது. இல்லையென்றால் தூக்கமே அச்சமாகிவிடும்.

உங்களைப் பொறுத்தவரை, வேலைக்குப் போகிறீர்கள், குழந்தையைக் கவனிக்கிறீர்கள், அம்மாச்சியைக் கொண்டாட ஆசைப்படுகிறீர்கள். நோய் என்று சொல்லும்படி எதையும் நான் உங்கள் கடிதத்தில் காணவில்லை. ஏறத்தாழ நாள்தோறும் தாங்க முடியாத ஏக்கம், வாழ்வே வெறுமையாகிவிட்ட உணர்வு, அன்றாட வேலைகளே முடங்கிப்போதல் ஆகியவை நீண்டகாலம் தொடர்ந்தால்தான் அதை நீடித்த துக்கக் கோளாறு என்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை குறைந்தது ஆறு மாதங்கள் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022-இல் வெளியிட்ட திருத்தம் பெரியவர்களுக்கு ஓராண்டு என்கிறது.

கவனித்துப் பார்க்க வேண்டியவர் உங்கள் அம்மாதான். சாப்பாடு குறைந்து உடல் இளைத்திருக்கிறதா, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இன்னும் விழித்துக்கொள்கிறாரா, "நான் எதுக்கு இருக்கணும்" என்பது போன்ற பேச்சு வருகிறதா என்று பாருங்கள். முதல் இரண்டும் இருந்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மூன்றாவது இருந்தால் திவசம் வரை காத்திருக்காமல் அன்றே செல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். நீங்கள் முதலில் பேசிவிட்டு, பிறகு கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்தாலும் போதும்.